இந்தியாவில் போக்குவரத்து விதிமீறலும் வாகனக் காப்பீடும்

போக்குவரத்து விதிமீறல் என்பது வாகனம் ஓட்டுவோரும் வாகன உரிமையாளரும் சட்டப்படி கடைப்பிடிக்க வேண்டிய சாலை விதிகளை மீறுதல் ஆகும். பல நாடுகளில் இத்தகைய மீறல்கள் ஓட்டுநரின் பதிவேட்டில் சேர்ந்து, அவர் செலுத்தும் காப்பீட்டுக் கட்டணத்தை (பிரீமியம்) உயர்த்துகின்றன. இந்தியாவில் நிலைமை வேறு. இங்கு காப்பீட்டுக் கட்டணம் பெரும்பாலும் வாகனத்தின் வகையையும் முந்தைய இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் பொறுத்து அமைகிறது; அபராதச் சீட்டுகளின் (சலான்) எண்ணிக்கையைப் பொறுத்து அன்று. எனினும் சில விதிமீறல்கள் ஓட்டுநர் உரிமத்தையும், அதன் வழியே காப்பீட்டின் பாதுகாப்பையும் இழக்கச் செய்கின்றன. கட்டணம் உயராமலேயே பாதுகாப்பு இல்லாமற் போகலாம் என்பதே இம்முறையின் முக்கியமான கூறு. இக்கட்டுரை தமிழ்நாட்டின் மதுரை வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

சட்டப் பின்னணி

இந்தியாவில் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கும் பிரிவுகள் 1939 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம்பெற்றன. அச்சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 1988, 1989 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு, காப்பீடு, தண்டனை, விபத்து இழப்பீடு ஆகிய அனைத்தும் இந்த ஒரே சட்டத்தில் அடங்கியுள்ளன.

2019 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அபராதத் தொகைகளைப் பன்மடங்கு உயர்த்தியது. இதன் தண்டனைப் பிரிவுகள் 2019 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டில் காவல் துறையினர் உடனடியாக வசூலிக்கும் இணக்கக் கட்டணங்கள் 2022 அக்டோபரில் இதற்கேற்ப உயர்த்தப்பட்டன. திருத்தச் சட்டம் விதிக்கும் தண்டனைகளுள் சில:

- உரிமம் இன்றி வாகனம் ஓட்டுதல்: ரூ. 5,000 அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்
- தலைக்கவசம் இன்றி இருசக்கர வாகனம் ஓட்டுதல்: ரூ. 1,000, மூன்று மாத உரிமத் தகுதியிழப்பு
- இருசக்கர வாகனத்தில் இருவருக்கு மேல் செல்லுதல்: ரூ. 1,000, மூன்று மாத உரிமத் தகுதியிழப்பு
- இருக்கைப் பட்டை அணியாமை: ரூ. 1,000
- மது அருந்தி ஓட்டுதல்: முதல் முறை ரூ. 10,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்
- காப்பீடு இல்லாத வாகனத்தை ஓட்டுதல்: முதல் முறை ரூ. 2,000, அடுத்த முறை ரூ. 4,000, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்

ஓட்டுநர் பதிவேடு

இந்தியாவில் ஒரு விதிமீறல் இரண்டு வெவ்வேறு பதிவுகளில் ஒன்றைச் சென்றடைகிறது. ஒன்று வாகனத்தின் பதிவு. இது "வாகன்" எனப்படும் தரவுத்தளத்தில் உள்ளது. மற்றொன்று ஓட்டுநர் உரிமத்தின் பதிவு. இது "சாரதி" எனப்படும் தரவுத்தளத்தில் உள்ளது. சாலையோரக் கேமரா எடுக்கும் படத்தில் தெரிவது வாகனத்தின் எண் மட்டுமே. ஆகவே அதன் அடிப்படையில் எழும் மின்னணுச் சலான் வாகன உரிமையாளருக்குச் செல்கிறது. அப்போது வாகனத்தை ஓட்டியவர் அவருடைய மகனாகவோ பணியாளராகவோ இருக்கலாம். காவலர் வாகனத்தை நிறுத்தி உரிமத்தைப் பார்த்துப் பதியும்போது மட்டுமே மீறல் ஓட்டியவரின் பெயரைத் தெளிவாகச் சேர்கிறது.

அபராதம் செலுத்துவதன் விளைவு

சட்டத்தின் 200 ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட சில குற்றங்களுக்கு இணக்கக் கட்டணம் செலுத்தி வழக்கை முடித்துக்கொள்ளலாம். அவ்வாறு முடித்துக்கொண்டால் அந்தக் குற்றத்துக்காக மேற்கொண்டு வழக்கு நடத்தப்படாது. ஆனால் பணம் கட்டியவுடன் எல்லாம் முடிந்தது என்று கருதுவது தவறு. அதிவேகம், ஆபத்தாக ஓட்டுதல், மது அருந்தி ஓட்டுதல், தலைக்கவசம் அணியாமை, அவசர ஊர்திக்கு வழிவிடாமை முதலியவற்றில் காவல் அலுவலர் 206 ஆம் பிரிவின் கீழ் உரிமத்தைக் கைப்பற்றி, உரிமம் வழங்கும் அலுவலருக்கு அனுப்பலாம். இந்த நடவடிக்கையிலிருந்து இணக்கக் கட்டணம் விலக்கு அளிக்காது என்று 2019 திருத்தம் தெளிவாகக் கூறுகிறது.

உரிமத் தடை

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக் குறித்து 2012 இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். இவ்வழக்கை ஒட்டி 2014 இல் நீதிபதி கே. எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், அதிகப் பாரம் ஏற்றுதல், சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றுதல், மது அருந்தி ஓட்டுதல், ஓட்டும்போது கைபேசியில் பேசுதல் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தைத் தடை செய்யுமாறு இக்குழு 2015 இல் மாநிலங்களைப் பணித்தது.

உரிமத்தில் பதியப்படும் குறிப்பு

நீதிமன்றமோ உரிம அலுவலரோ ஒருவரைத் தகுதியிழக்கச் செய்யும்போது அதன் விவரம் உரிமத்தில் குறிக்கப்படும் (பிரிவு 24). புதிய உரிமமோ நகல் உரிமமோ பெற்றாலும் இக்குறிப்பு அதற்கு மாற்றப்படும். கடைசிக் குறிப்புக்குப் பிறகு தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வேறு குறிப்பு எதுவும் இல்லையெனில், குறிப்புகள் நீங்கிய புதிய உரிமத்தைப் பெறலாம். வேக வரம்பை மீறியது மட்டுமே குற்றமாயின் ஓராண்டு போதும். தகுதியிழந்திருந்த காலம் இக்கணக்கில் சேராது (பிரிவு 25). மது அருந்தி ஓட்டியதற்காக ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர் அதே குற்றத்துக்காக மீண்டும் தண்டிக்கப்பட்டால், நீதிமன்றம் உரிமத்தை இரத்து செய்ய வேண்டும் (பிரிவு 22).

காப்பீட்டுக் கட்டணம்

ஒரு வாகனக் காப்பீட்டில் பொதுவாக மூன்று பகுதிகள் உள்ளன.

1. மூன்றாம் தரப்புக் காப்பீடு: வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் மரணம், காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கானது. சட்டப்படி கட்டாயமானது.
2. சொந்தச் சேதக் காப்பீடு: வாகனத்துக்கு ஏற்படும் சேதம், திருட்டு முதலியவற்றுக்கானது. விருப்பத்துக்கு உட்பட்டது. முதல் வகையுடன் சேரும்போது பேச்சு வழக்கில் "ஃபுல் இன்சூரன்ஸ்" எனப்படும்.
3. உரிமையாளர் - ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு: வாகன உரிமையாளரே ஓட்டிச் செல்லும்போது மரணமோ உறுப்பிழப்போ நேர்ந்தால் கிடைப்பது. சென்னை உயர் நீதிமன்றம் 2017 இல் அளித்த தீர்ப்பை ஒட்டி, இதன் தொகை 2018 இல் 15 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மூன்றாம் தரப்புக் கட்டணத்தை நடுவண் அரசு நிர்ணயிக்கிறது. 2022 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிக்கையின்படி, 1,000 கன செ.மீ. வரையிலான தனியார் மகிழுந்துக்கு ஆண்டுக் கட்டணம் ரூ. 2,094, 1,000 முதல் 1,500 கன செ.மீ. வரை ரூ. 3,416, அதற்கு மேல் ரூ. 7,897. இதனை நிர்ணயிப்பது இயந்திரத்தின் கொள்ளளவு மட்டுமே. பத்துச் சலான் பெற்றவரும் ஒன்றும் பெறாதவரும் ஒரே தொகையைச் செலுத்துகின்றனர்.

சொந்தச் சேதக் கட்டணத்தில் 2006 இறுதி வரை அனைத்து நிறுவனங்களுக்கும் பொதுவான விகிதப் பட்டியல் இருந்தது. 2007 சனவரி 1 முதல் அது விலக்கப்பட்டு, நிறுவனங்களே கட்டணத்தை முடிவு செய்கின்றன. வாகனத்தின் மதிப்பு, வயது, வகை, பதிவு செய்யப்பட்ட இடம், முந்தைய கோரிக்கைகள் ஆகியவை கணக்கில் கொள்ளப்படும்.

இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குச் சொந்தச் சேதக் கட்டணத்தில் கழிவு உண்டு. இது "நோ கிளைம் போனஸ்" எனப்படும். தொடர்ந்து ஓராண்டு கோராவிடில் 20%, இரண்டு ஆண்டுகளுக்கு 25%, மூன்றுக்கு 35%, நான்குக்கு 45%, ஐந்துக்கு 50% கழிக்கப்படும். ஒரு முறை கோரினால் கழிவு சுழியத்துக்குத் திரும்பும். இக்கழிவு காப்பீடு பெற்றவருக்கு உரியது. வாகனத்தை விற்றால் வாங்குபவருக்குப் போகாது. காப்பீடு காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் கழிவு முழுவதும் போய்விடும்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

மதுரையில் 1,200 கன செ.மீ. மகிழுந்து வைத்திருக்கும் இருவரைக் கொள்வோம். இருவருக்கும் கழிவுக்கு முந்தைய சொந்தச் சேதக் கட்டணம் ரூ. 8,000 என்றும், இருவரும் 50% கழிவு பெறுகின்றனர் என்றும் வைத்துக்கொள்வோம். தனிநபர் விபத்துக் கட்டணமும் வரியும் நீங்கலாக ஒவ்வொருவரும் செலுத்துவது 4,000 + 3,416 = ரூ. 7,416.

முதலாமவர் ஓராண்டில் நான்கு முறை அபராதம் கட்டுகிறார். விபத்து எதுவும் இல்லை. அவர் அடுத்த ஆண்டு செலுத்துவதும் ரூ. 7,416 ஆகவே இருக்கும். இரண்டாமவர் விதி எதையும் மீறவில்லை. ஆனால் சிம்மக்கல் பகுதியில் ஒரு சந்தில் திரும்பும்போது வண்டி சுவரில் உரசுகிறது, பழுதுக்காக ரூ. 6,000 கோரிப் பெறுகிறார். அடுத்த ஆண்டு அவர் செலுத்துவது 8,000 + 3,416 = ரூ. 11,416. மீண்டும் 50% கழிவை எட்டும் வரையிலான ஐந்து ஆண்டுகளில் அவர் கூடுதலாகச் செலுத்தும் தொகை 4,000 + 2,400 + 2,000 + 1,200 + 400 = ரூ. 10,000. வாகனத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் உண்மையான தொகை சற்றுக் குறையலாம். ஆயினும் சிறு பழுதுகளுக்குக் கோரிக்கை வைப்பது பெரும்பாலும் இலாபகரமானது அன்று என்பதும், கட்டணத்தை உயர்த்துவது விதிமீறல் அன்று, கோரிக்கையே என்பதும் இக்கணக்கால் விளங்கும்.

விதிமீறல் பாதுகாப்பைப் பாதிக்கும் வழிகள்

உரிமம் இன்மை

காப்பீட்டு ஒப்பந்தத்தில் ஓட்டுநர் பற்றிய நிபந்தனை ஒன்று உண்டு. விபத்தின்போது வாகனத்தை ஓட்டியவர் செல்லுபடியாகும் உரிமம் உடையவராகவும், உரிமம் பெறத் தகுதியிழக்காதவராகவும் இருக்க வேண்டும் என்பதே அது. தலைக்கவசம் அணியாததற்காக மூன்று மாதம் உரிமம் தடை செய்யப்பட்ட ஒருவர், அக்காலத்தில் வண்டி ஓட்டி விபத்துக்குள்ளானால் இந்நிபந்தனை மீறப்படுகிறது. சொந்தச் சேதத்துக்கான தொகையும், அவர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய 15 இலட்சம் ரூபாயும் மறுக்கப்படலாம். ரூ. 1,000 அபராதத்தில் தொடங்கிய மீறல் இங்கு வந்து முடியக்கூடும்.

காலாவதியான உரிமத்துக்கும் இது பொருந்தும். காலாவதியான பின்னும் 30 நாட்கள் உரிமம் செல்லும் என்றிருந்த சலுகை 2019 திருத்தத்தில் நீக்கப்பட்டது.

விபத்தில் அடிபட்ட மூன்றாம் தரப்பினரின் நிலை வேறு. ஓட்டுநருக்கு உரிமம் இல்லை என்று காட்டுவது மட்டும் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போதாது. உரிமையாளர் உரிய கவனமின்றி நிபந்தனையை மீறினார் என்பதையும் அது மெய்ப்பிக்க வேண்டும் என்று நேசனல் இன்சூரன்ஸ் எதிர் சுவரண் சிங் வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் கூறியது. மீறல் மெய்ப்பிக்கப்பட்டாலும், முதலில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு தீர்ப்பாயங்கள் நிறுவனத்துக்கு உத்தரவிடலாம். இம்முறை பாதிக்கப்பட்டவரைக் காக்கிறது, உரிமையாளரைக் காப்பதில்லை. பல இலட்சம் ரூபாயை அவர் தம் வீடு, நிலம் ஆகியவற்றிலிருந்து செலுத்த நேரிடலாம்.

மது

ஓட்டியவர் மதுவின் பிடியில் இருந்தபோது ஏற்பட்ட சொந்தச் சேதத்தை வழக்கமான காப்பீட்டு ஒப்பந்தங்கள் விலக்குகின்றன. தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் இவ்விலக்கு உண்டு. மூச்சுச் சோதனை செய்யப்படாத நேர்விலும், சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு மது அருந்தியிருந்தமையை முடிவு செய்யலாம் என்று 2021 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேலும் 2019 திருத்தத்துக்குப் பிறகு, மது அருந்தி ஓட்டியதை மூன்றாம் தரப்பு வழக்கிலும் காப்பீட்டு நிறுவனம் ஒரு எதிர்வாதமாக முன்வைக்கலாம்.

சிறார் ஓட்டுதல்

18 வயது நிரம்பாத ஒருவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், அவருடைய காப்பாளரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் விதிக்கப்படலாம். வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு இரத்தாகும். அச்சிறார் 25 வயது வரை உரிமம் பெற இயலாது (பிரிவு 199அ). உரிமம் இல்லாதவர் ஓட்டியதால் இழப்பீட்டுச் சுமையும் உரிமையாளர் மீதே விழக்கூடும்.

மதுரை வட்டாரம்

மதுரையில் வாகனங்கள் டிஎன் 58 (மதுரை தெற்கு), டிஎன் 59 (மதுரை வடக்கு), டிஎன் 64 (மதுரை மத்தி) ஆகிய குறியீடுகளில் பதியப்படுகின்றன. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி அமைந்த ஆவணி மூல வீதி, மாசி வீதி ஆகியவை தேரோட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் ஏற்றவாறு உருவானவை. இன்றைய வாகன நெரிசலுக்கு உரியவை அல்ல. இங்கு நேரும் ஒருவழிப் பாதை மீறல், தவறான இடத்தில் நிறுத்துதல் போன்றவை பெரும்பாலும் அபராதத்தோடு முடிகின்றன.

நகருக்கு வெளியே நிலைமை மாறுகிறது. தேசிய நெடுஞ்சாலைகள் 44, 38, 85, 87 ஆகியவை மதுரையைத் தொட்டுச் செல்கின்றன. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களிலிருந்து காதணி விழா, குலதெய்வ வழிபாடு, துக்க வீடு, சித்திரைத் திருவிழா ஆகியவற்றுக்கு மக்கள் கூட்டமாகச் செல்லும்போது சரக்கு வாகனங்களில் ஏறிச் செல்லும் வழக்கம் உண்டு. "குட்டி யானை" என்று அழைக்கப்படும் சிறு சரக்குந்தும் உழுவுந்து இழுவைப் பெட்டியும் இவ்வாறு பயன்படுகின்றன. வாடகை குறைவு என்பதும், ஒரே வண்டியில் ஊரே செல்லலாம் என்பதும் இதற்குக் காரணங்கள்.

காப்பீட்டு நோக்கில் மிகக் கடுமையான விளைவைத் தரும் விதிமீறல்களுள் இது ஒன்றாகும். சரக்கு வாகனத்தில் சரக்கின் உரிமையாளரோ அவரது பிரதிநிதியோ செல்லும்போது மட்டுமே கட்டாயக் காப்பீடு அவர்களுக்குப் பொருந்தும். மற்றப் பயணிகள் இறந்தாலோ காயமுற்றாலோ காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று நியூ இந்தியா அசூரன்ஸ் எதிர் ஆஷா ராணி வழக்கில் (2002) உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. சில வழக்குகளில், நிறுவனம் முதலில் செலுத்திப் பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்குமாறு நீதிமன்றங்கள் உத்தரவிட்டதுண்டு. ஆனால் அதனை உரிமையாகக் கோர இயலாது. ஒரே வண்டியை வைத்துப் பிழைக்கும் உரிமையாளரிடமிருந்து இருபது பேருக்கான இழப்பீட்டை வசூலிப்பது நடைமுறையில் அரிது. ஆகவே வண்டிக்குக் காப்பீடு இருந்தும், காயமுற்றவரின் குடும்பத்துக்கு எதுவும் கிட்டாமற் போகலாம். பயணிகளுக்கு உரிய அனுமதி பெற்ற வேனோ பேருந்தோ அமர்த்தும்போது, ஏறிச்செல்பவர்கள் காப்பீட்டு வரம்புக்குள் வருகின்றனர். வாடகையில் உள்ள வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

விபத்து இழப்பீட்டு மனுக்களை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. மதுரையிலும் சுற்றியுள்ள தென் மாவட்டங்களிலும் வழங்கப்படும் தீர்ப்புகளின் மேல்முறையீடுகள், 2004 சூலை 24 அன்று தொடங்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்கின்றன.

விதிமீறல் கட்டணப் பரிந்துரை

விதிமீறல்களையும் காப்பீட்டுக் கட்டணத்தையும் இணைக்கும் வழிமுறையை ஆராய, இந்தியக் காப்பீட்டு ஒழுங்காற்று மற்றும் வளர்ச்சி ஆணையம் 2019 இல் ஒரு பணிக்குழுவை அமைத்தது. 2021 சனவரியில் வெளியான அதன் அறிக்கை, வாகனக் காப்பீட்டில் "போக்குவரத்து விதிமீறல் கட்டணம்" என்னும் புதிய பகுதியைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. மீறலின் கடுமைக்கேற்பப் புள்ளிகள் வழங்கப்படும். மது அருந்தி ஓட்டுதலுக்கு 100 புள்ளிகள், தவறான இடத்தில் நிறுத்துதலுக்கு 10 புள்ளிகள். முதலில் தில்லியில் சோதனை முறையில் நடத்தலாம் என்றும் கூறப்பட்டது. இப்பரிந்துரை நாடு தழுவிய விதியாக நடைமுறைப்படுத்தப்படவில்லை.

கட்டணத்தைச் செலுத்த வேண்டியவர் வாகன உரிமையாளரே என்று பணிக்குழு கருதியது. உரிமையாளரும் ஓட்டுநரும் வேறாக உள்ள வாடகை வண்டி, சரக்குந்து ஆகியவற்றில், ஓட்டுநரின் தவறுக்கு உரிமையாளர் கூடுதலாகச் செலுத்துவதாக இது அமையும்.

2022 சூலையில் ஆணையம், ஓட்டும் தூரத்தையும் ஓட்டும் முறையையும் பொறுத்துக் கட்டணம் அமையும் கூடுதல் திட்டங்களைச் சொந்தச் சேதக் காப்பீட்டில் அனுமதித்தது. இவை சலான்களைச் சார்ந்தவை அல்ல. கருவியோ கைபேசிச் செயலியோ பதியும் தரவுகளைச் சார்ந்தவை.

பிற நாடுகளில்

- ஐக்கிய இராச்சியம்: மூன்று ஆண்டுகளுக்குள் 12 தண்டப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமத் தகுதியிழப்பு ஏற்படும். காப்பீட்டு நிறுவனங்கள் முந்தைய தண்டனைகளைக் கேட்டறிந்து அதற்கேற்பக் கட்டணம் விதிக்கின்றன.
- சிங்கப்பூர்: 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் தடை செய்யப்படும். மாறாக, மூன்று ஆண்டுகள் குற்றமின்றி ஓட்டியவருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் 5% கழிவு கிடைக்கும் ஏற்பாடும் உண்டு.
- கனடாவின் ஒன்ராறியோ மாகாணம்: காப்பீட்டு நிறுவனங்கள் தண்டப் புள்ளிகளை அன்றி, ஓட்டுநர் பதிவேட்டில் உள்ள தண்டனைகளையே கட்டணத்துக்கு அடிப்படையாகக் கொள்கின்றன.
- இந்தியாவின் தெலங்காணா மாநிலம்: 2017 ஆகத்து 1 அன்று புள்ளி முறை தொடங்கப்பட்டது. 24 மாதங்களில் 12 புள்ளிகள் சேர்ந்தால் உரிமத் தடை என்பது இதன் விதி. இது காப்பீட்டுக் கட்டணத்துடன் இணைக்கப்படவில்லை.

மேற்கண்ட வெளிநாடுகளில் பதிவேடும் கட்டணமும் ஓட்டுபவரை மையமாகக் கொண்டுள்ளன. இந்தியாவில் காப்பீடு வாகனத்தை மையமாகக் கொண்டுள்ளது. அங்கு அடிக்கடி விதி மீறுபவருக்குக் கட்டண உயர்வு ஒரு முன்னெச்சரிக்கையாக அமைகிறது. இந்தியாவில் அத்தகைய முன்னெச்சரிக்கை இல்லாததால், பலர் விதிமீறலின் உண்மையான விலையை விபத்துக்குப் பிறகு தீர்ப்பாயத்திலேயே அறிகின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

- மோட்டார் வாகனச் சட்டம், 1988
- ஓட்டுநர் உரிமம்
- மூன்றாம் தரப்புக் காப்பீடு
- சாலைப் பாதுகாப்பு